எங்காத்து ஈயம்

எங்கள் வீட்டில் ரசம் ஈயச்சொம்பில்தான் கொதிக்கும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், வேலாயுதன் சார். பின்னால் தேவைப்படும்.

ஒரு மனிதர் செத்துப்போன வழக்கில் வாக்குமூலம் கொடுக்க வந்தவன் ரசத்தில் ஆரம்பிக்கிறானே என்று பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, எடுத்துக்கொள்ளுங்கள். என் பெயர் சுந்தரராமன். ஸ்ரீவராகத்தில் குளத்துக்குக் கிழக்கே வீடு. கழக்கூட்டம் போகும் வழியில் இருக்கும் எங்கள் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவுக்குத் தலைவன். அங்கே டீ கொடுத்துக்கொண்டிருந்த சொரிமுத்துவின் நெஞ்சில் வைத்த பேஸ்மேக்கர் ஏன் நின்றது என்று நீங்கள் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மூடி ஒட்டும் ஜெபமலரைத் திரும்பத் திரும்ப வரவழைத்து அழவைத்தீர்கள். என்னை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. நரைத்த தலையைச் சந்தேகப்படாமல் இருப்பது இந்த ஊரின் நல்ல பழக்கங்களில் ஒன்று. அதனால் நானாகவே வந்தேன்.

தமிழில்தான் சொல்வேன் என்று பிடிவாதம் பிடித்ததற்கும் காரணம் உண்டு. உங்கள் அம்மாவுக்கு நாகர்கோவில் என்று வாசலில் நின்ற காவலர் சொன்னார், ஆகவே உங்களுக்குப் புரியும். நீங்கள் மலையாளத்தில் எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரே ஒரு சொல்லில் மட்டும் கவனமாக இருங்கள். மலையாளத்தில் ஈயம் என்றால் காரீயம், மீன் வலையில் தொங்கும் குண்டு. எங்கள் அக்ரஹாரத்தில் ஈயம் என்றால் வெள்ளீயம், ரசச் சொம்பு. இரண்டும் வேறு வேறு உலோகம். ஒன்று விஷம், மற்றது ருசி. அந்தச் சொல்லை நீங்கள் அப்படியே எழுதிவிட்டால் கோர்ட்டில் நான் பொய்யனாகிவிடுவேன். நான் என்ன செய்திருந்தாலும் பொய் சொன்னதில்லை.

எங்கள் கம்பெனி பேஸ்மேக்கர் செய்வதில்லை. அதற்குள் இருக்கும் மின்னணுச் சில்லுக்கு வீடு கட்டிக்கொடுக்கிறோம். சுண்டுவிரல் நகத்தளவு பீங்கான் பெட்டி. சில்லை உள்ளே வைத்து, ஈரமில்லாத நைட்ரஜனை நிரப்பி, உலோக மூடியை வைத்து ஒட்டுகிறோம். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே ஜன்னல் சட்டம் போல ஒரு மெல்லிய தகடு வரும். எண்பது பங்கு தங்கம், இருபது பங்கு வெள்ளீயம். எங்கள் பெண்கள் அதைத் தங்கச் சட்டம் என்பார்கள். உலையில் அது உருகி, ஆறும்போது மூடியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு உள்ளே இருப்பது வெளியே வராது, வெளியே இருப்பது உள்ளே போகாது.

அந்தக் கலவையின் அழகை உங்களுக்குச் சொல்லாமல் நகர முடியாது. தங்கம் உருக ஆயிரத்துக்கு மேல் சூடு வேண்டும். வெள்ளீயம் இருநூற்று முப்பதிலேயே கரைந்துவிடும். கல்யாணமான புதிதில் என் மனைவி ஜெயலக்ஷ்மி வெறும் ஈயச்சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் புளி கரைக்கப் போனாள். திரும்பி வந்தபோது அடுப்பில் சொம்பு இல்லை, பர்னருக்கு அடியில் ஒரு வெள்ளித் தோசை கிடந்தது. எங்கள் தெருவில் புது நாட்டுப்பெண்கள் பலருக்கும் ஒருதரம் நடக்கிற விபத்துதான். உள்ளே ரசம் இருக்கும்வரை சொம்புக்கு ஆபத்தில்லை. அப்படி இளகிய மனசுக்கார உலோகத்தையும் தங்கத்தையும் எட்டுக்கு இரண்டு என்று சேர்த்தால், இருநூற்று எண்பதில் சட்டென்று உருகி, சட்டென்று இறுகும். தங்கம் கொஞ்சம் கூடினால் உருகும் சூடு விறுவிறுவென்று ஏறிவிடும். அளவு சரியாக இருந்தால் எஃகு போல நிற்கும், வருஷக்கணக்கில் இளகாது. ஒட்டுவதற்கு அமிலப் பசை எதுவும் தடவ வேண்டியதில்லை, அதனால் பெட்டிக்குள் அழுக்கு தங்காது. சூட்டை நன்றாகக் கடத்தும் என்பதால் கண்ணாடி இழைவழி டெலிபோன் பேச்சை அனுப்பும் லேசர்களுக்கு அடியிலும் இதைத்தான் வைக்கிறார்கள். விண்வெளிக்குப் போகிற சாமான்களிலும் உண்டு. நான் இருபது வருஷம் இதோடு வாழ்ந்தவன். ஜெயலக்ஷ்மி சில சமயம் இதைப் பற்றி, ஒரு சக்களத்தியைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்பாள்.

சரி, விஷயத்துக்கு வரச் சொல்கிறீர்கள். விஷயம் இதுதான்.

தொண்ணூற்றொன்பதில் கைலாஷ் உற்பத்தி மேலாளராக வந்தான். வலியசாலைப் பையன், ஜெயலக்ஷ்மிக்குத் தூரத்து உறவு. படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடத்தில். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், மீட்டிங்கில் இங்கிலீஷ். கெட்டிக்காரன். வந்த சில மாதங்களில் என் அறைக்கு வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

"மாமா, இனிமே தங்கச் சட்டம் வேண்டாம். ஈயம் மதி, அதுவே போதும்."

"எந்த ஈயம்டா?"

"சாதா ஈயம்தான். ரேடியோக்காரன் பத்த வெக்கற ஈயம். அதுலயும் உங்க வெள்ளீயம் பாதிக்கு மேல இருக்கு, கவலைப்படாதேள்."

"மிச்சம்?"

"மிச்சம் காரீயம். ஸாரமில்ல மாமா, பரவாயில்லை. டப்பா வேற டப்பாக்குள்ள போறது, அது டைட்டானியத்துக்குள்ள போறது, அதுக்கப்புறம்தான் மனுஷன். யாரு நக்கிப் பாக்கப்போறா?"

காரீயம் கலந்த பற்று நாள்பட்டால் இளகும் என்றேன். பெட்டி விளிம்பில் உள்ள தங்கப் பூச்சின்மேல் அதை வைத்தால் பிஸ்கட் போல நொறுங்கும் என்றேன். இரண்டும் புத்தகத்தில் இருப்பவை, நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். அவனும் அதே புத்தகத்தைப் படித்திருந்தான். பூச்சை மாற்றினான். பசை இல்லாமல் ஒட்ட ஒரு வழி கண்டுபிடித்தான். ஹீலியம் விட்டுக் கசிவு பார்த்தோம், கசியவில்லை. சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றிப் போட்டோம், விரிசல் விடவில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு கையெழுத்துக்கும் அவன் சாக்லேட் கொடுத்தான். கடைசியில் கான்டீனில், எல்லார் முன்னாலும், "மாமாவை நகைக்கடைக்கு ஆலோசகரா அனுப்பிடலாம், அங்கே நன்னா ஷைன் பண்ணுவார்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீ ஊற்றிக்கொண்டிருந்த சொரிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. "சாமி தங்கம்லா, அதான் நகைக்கடைக்கு அனுப்புதாவ" என்று சொல்லி என் டம்ளரில் கொஞ்சம் அதிகமாக ஊற்றினார்.

சொரிமுத்துவை உங்களுக்குப் போட்டோவில்தான் தெரியும். அம்பாசமுத்திரத்துப் பக்கம். ஹோட்டல் வேலைக்கு என்று வந்து இந்த ஊரிலேயே நரைத்தவர். எங்கள் கான்டீனை எடுத்து நடத்தினார். என்னை சாமி என்பார், நான் ஓய் என்பேன். அவர் போட்டது டீ என்று நான் ஒப்புக்கொண்டதில்லை, நான் செய்வது வேலை என்று அவர் ஒப்புக்கொண்டதில்லை. "நாள் முழுக்க பூதக்கண்ணாடில எதையோ பாக்கேளே சாமி, பேன் பாக்கேளா?" என்று கேட்பார். அப்படி ஒரு சிநேகம்.

போன வருஷம் மழைக்காலத்தில் அவர் டீப் பாத்திரத்தோடு மயங்கி விழுந்தார். இதயம் மெதுவாக அடிக்கிறது, பேஸ்மேக்கர் வைக்காவிட்டால் ஆள் பிழைப்பாரா என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். அந்தச் செலவு அவரால் முடிகிற காரியமா? கைலாஷ் நல்ல பையன், இதையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பெட்டியை வாங்கிப் பேஸ்மேக்கர் செய்யும் கம்பெனியிடம் பேசி, இலவசமாக ஒன்றுக்கு ஏற்பாடு செய்தான். புது ஈயப் பற்றில் ஒட்டிய பெட்டி வைத்தது. "நம்ம கையால செஞ்ச டப்பா நம்ம ஆளு நெஞ்சுல" என்று கம்பெனியே சந்தோஷப்பட்டது. லட்டு கொடுத்தார்கள்.

சொரிமுத்துவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். ஒருநாள் மத்தியானம் என் அறைக்கு வந்து கதவருகே நின்றார்.

"சாமி, அந்த டப்பாவுல ஈயம் வச்சிருக்காமே. ஜெபமலர் பிள்ளை சொல்லுச்சு."

"ஆமாம், இருக்கு."

"ஈயம் ஒடம்புக்கு ஆவாதும்பாவளே. எங்க மாமன் அச்சாபீஸ்ல ஈய எழுத்து பொறுக்கி கையெல்லாம் வெளங்காமப் போனாரு. நீங்க சொல்லுங்க, வைக்கலாமா? நீங்க வேண்டாம்னா நான் வைக்கல. எனக்கு உங்க வார்த்தை போதும்."

நான் சொன்னதை அப்படியே எழுதுங்கள், ஒரு எழுத்து மாற்றாமல்.

"ஓய், எங்காத்துல தினம் ரசமே ஈயத்துலதான் வெக்கறா. முப்பது வருஷமா சாப்பிடறேன். எனக்கு என்ன ஆயிடுத்து?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒண்ணும் ஆவல. வாய்தான் கொஞ்சம் நீளம்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்.

இதற்குத் தமிழில் பொடி வைத்துப் பேசுவது என்று பெயர். தட்டார்கள் நகைத் துண்டுகளை ஒட்டவைக்கும் பற்றாசுப் பொடியிலிருந்து வந்த வழக்கு என்பார்கள். பொடி வைத்து ஊதினால் துண்டுகள் சேர்ந்துவிடும், ஒட்டு வெளியே தெரியாது. நான் சொன்ன வாக்கியத்தில் ஒவ்வொரு துண்டும் உண்மை. எங்கள் வீட்டு ஈயம் உண்மை, ரசம் உண்மை, எனக்கு ஒன்றும் ஆகாததும் உண்மை. நடுவில் இருந்த ஒட்டை அவர் பார்க்கவில்லை.

இதுதான் குற்றம் என்று நினைத்து நீங்கள் முகத்தைத் தளர்த்திக்கொள்கிறீர்கள். ஒரு வயதானவர் சிநேகிதனிடம் காரீயத்தை மறைத்தார், பாவம், மனசு உறுத்தி வந்திருக்கிறார். அவ்வளவுதான் என்றால் நான் ஆட்டோவுக்குச் செலவழித்து வந்திருக்க மாட்டேன். காரீயம் அவரை ஒன்றும் செய்திருக்காது. கைலாஷ் சொன்னது சரி, டப்பாக்குள் டப்பா.

ஆபரேஷனுக்குப் பிறகு சொரிமுத்து பழையபடி வந்தார். நெஞ்சைத் தட்டிக்காட்டி "கம்பெனி ஓடுது சாமி" என்பார். நான் அவரை எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். டீப் பாத்திரத்தைத் தூக்க விடமாட்டேன், நானே வாங்கி வைப்பேன். மாடிப்படி ஏறினால் கூடவே ஏறுவேன். பேச்சுவாக்கில் கையைப் பிடித்து நாடி பார்ப்பேன். "என்ன சாமி, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி எப்பப் பாத்தாலும் கையைப் பிடிக்கேளே" என்பார். சுந்தரராமன் சாரின் மனசு யாருக்கு வரும் என்று ஜெபமலர் மற்றவர்களிடம் சொன்னதாகக் கேள்வி. வயதான காலத்தில் ஒரு நல்ல பெயர் கிடைத்தால் அதை எதற்கு மறுக்க வேண்டும்?

இந்தத் தை மாதம் போனக்காட்டில் அவர் தங்கை நாச்சியாரின் மகளுக்குச் சடங்கு வைத்திருந்தார்கள். நாச்சியார் அங்கே எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். சீர் கொண்டு போக வேண்டியது இவர். போகவேண்டாம் என்றேன்.

"தாய்மாமன் இல்லாம சடங்கா சாமி? நல்லாருக்கே கதை."

"மலை ஓய். குளிர் வேற."

"மலையை டப்பா ஏத்திரும். நான் சும்மா கூடப் போறேன்."

"சொன்னாக் கேளும்."

"ஏன் போவக்கூடாதுன்னு ஒரு காரணம் சொல்லுங்க, போவல."

என்னிடம் காரணம் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும். "சகுனம் சரியில்லை" என்றேன். விதுரா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். தட்டில் வைக்கப் பட்டுப்பாவாடை வாங்கியிருந்தார், மஞ்சள் நிறம். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில், மேளச் சத்தம் கேட்கிற தூரத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பாவாடை மடியில் இருந்ததாம். ஜீப் பிடித்துக் கீழே கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. இங்கே ஊரில் இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு எட்டு நிமிஷம். நான் போகவேண்டாம் என்று சொன்னதை நாச்சியாரும் உங்களிடம் சொல்லியிருப்பார். என் வார்த்தை போதும் என்று சொன்ன மனிதர், கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கவில்லை.

தண்ணீர் வேண்டாம், நன்றி. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீங்கள் குடியுங்கள்.

இனி பெட்டி. கருவியைப் பிரித்து, பெட்டியின் மூடியை அறுத்து எடுத்தார்கள். அதற்கு முன் ஹீலியம் விட்டுக் கசிவு பார்த்தார்கள். அறிக்கை உங்களிடம் இருக்கிறது. கசிவு இல்லை. ஆனால் உள்ளே சில்லின் கம்பிகள் வெள்ளை பூத்து அரித்திருந்தன. ஈரமும் உப்பும் சேர்ந்தால் வருகிற அரிப்பு. வெளியிலிருந்து வராத ஈரம் உள்ளே எப்படி வந்தது? மூடி ஒட்டியவள் கவனக்குறைவாக இருந்திருப்பாள் என்று நீங்கள் ஜெபமலரைக் கூப்பிட்டீர்கள். அந்தப் பெண் கையுறையை ஒருநாளும் கழற்றியவள் அல்ல. ஊதுகிற காற்றில் பறக்கிற தலைமுடியைக்கூடத் துணிக்குள் சொருகிக்கொண்டுதான் உள்ளே வருவாள்.

கழற்றியது நான்.

சொரிமுத்துவுக்கு உடம்பு சரியில்லாமல் போவதற்குப் பல மாதங்களுக்கு முன்னால் நடந்தது. கைலாஷ் கான்டீனில் நகைக்கடை என்று சொன்ன அதே நாள், சாப்பாட்டுக்குப் பிறகு. அன்றைக்கு இரண்டு தட்டுப் பெட்டிகள் மூடக் காத்திருந்தன. ஒன்று விற்பனைக்கு. மற்றது ஆயுள் சோதனைக்கு, அதாவது வெப்பமான அடுப்பில் மின்சாரம் கொடுத்து வாரக்கணக்கில் ஓடவிட்டு, எது தாங்குகிறது என்று பார்ப்பதற்கு. அந்தத் தட்டில் ஒன்று தவறினாலும் முழுத் தொகுதியும் தள்ளுபடி என்பது எங்கள் விதி. மூடுவதற்கு முன் பார்வையிட எனக்கு அனுமதி உண்டு. நான் கைகளை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன், சுத்தம் எனக்கு எப்போதும் முக்கியம். ஆனால் கையால் பிசைந்து ரசம் சாதம் சாப்பிட்டவன் விரலில் கொஞ்சம் உப்பு எப்படியும் இருக்கும். வலது கையுறையைக் கழற்றி, சோதனைத் தட்டில் அடையாளத்துக்காக வெட்டுப்பட்ட மூலைக்குப் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு மூடியின் உட்புறத்தில் கட்டைவிரலை வைத்தேன். கொஞ்சம் வாய்க்காற்றும் விட்டேன். கல்யாணப் பத்திரிகை மூலையில் மஞ்சள் தடவுவதுபோல, அவ்வளவுதான் வேலை. ஜெபமலர் வந்து மூடினாள்.

அது சோதனைப் பெட்டி, வேலாயுதன் சார். மனிதருக்குப் போகிறதல்ல. அடுப்பில் தவறும், ஈயப் பற்றைத் தள்ளுபடி செய்வார்கள், தங்கச் சட்டம் திரும்ப வரும். என்றைக்கோ இளகப்போகும் ஆயிரம் பெட்டிகளிலிருந்து ஆயிரம் நெஞ்சுகளைக் காப்பாற்ற ஒரு கட்டைவிரல். எந்த நியாயஸ்தரும் இதைத் தப்பென்று சொல்லமாட்டார்.

ஆனால் அடுத்த நாள் விற்பனைத் தட்டை ஒட்டுச் சோதனைக்கு எடுத்துப்போகையில் ஜெபமலர் கை தவறிக் கீழே போட்டாள். பீங்கான், எல்லாம் விரிசல் விட்டுவிட்டது. "ஸாரமில்ல, முன்னால போன பேட்ச் எல்லாம் பாஸ், சோதனைத் தட்டையே அனுப்பிடலாம்" என்றான் கைலாஷ். அடுப்பில் வைக்காமல் கசிவு மட்டும் பார்த்து அலமாரியில் எடுத்து வைத்தான். அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அழுதுகொண்டிருந்த ஜெபமலரைச் சமாதானப்படுத்துவதில் மும்முரமாக இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் சொரிமுத்து விழுந்தது, கருவிக்கு ஏற்பாடு ஆனது எல்லாம். எந்தப் பெட்டியை அவருக்கு என்று அனுப்புவது? கைலாஷ் அந்தத் தட்டைத் தாம்பாளம் போல ஏந்தி என் முன்னால் கொண்டுவந்தான். சுற்றிலும் எல்லாரும் நின்றார்கள்.

"மாமா, உங்களுக்குத்தான் கைராசி. உங்க கையால ஒண்ணு எடுத்துக் கொடுங்கோ. அது நம்ம சொரிமுத்து அண்ணனுக்கு."

ஜெபமலர் குலவையிடாத குறை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். மெதுவாக எழுதுங்கள், அவசரமில்லை. தட்டில் வெட்டுப்பட்ட மூலை என் பக்கம்தான் இருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் அந்த ஒன்றை எடுத்துக் குப்பையில் போடும் அதிகாரமும் எனக்கு இருந்தது. தரப் பரிசோதனைத் தலைவன், கேள்வி கேட்க ஆள் கிடையாது. நான் யோசித்தேன். குப்பையில் போட்டால் யாருக்கும் ஒன்றும் புரியப்போவதில்லை, ஈயம் ஜெயித்துவிடும். தட்டில் விட்டால் வடக்கே எங்கோ முகம் தெரியாத ஒருவர் நெஞ்சுக்குப் போகும். அங்கே நின்றுபோனால் விதி என்று எரித்துவிடுவார்கள், பெட்டி திரும்பி வராது. யாரும் பாடம் கற்கமாட்டார்கள். அது கொடுமை இல்லையா? சொரிமுத்து நம் மனிதர். கண்ணெதிரே இருப்பார். தலை சுற்றினால் தூக்கிக்கொண்டு ஓட நான் இருக்கிறேன். வேறு கருவி வைக்கலாம். பழையதைத் திறந்து எல்லாரும் பார்க்கலாம். நம்பிக்கையான ஆளிடம்தானே நாம் உதவி கேட்போம். கேட்காமல் கேட்டேன், அவ்வளவுதான்.

எடுத்துக் கொடுத்தேன். கைதட்டினார்கள்.

ஆகவே சொரிமுத்துவைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளலாம். அந்தச் சொல் கொஞ்சம் கனமாக இருக்கிறது, ஆனால் அதைவிடப் பொருத்தமாக இன்னொன்று கிடைக்காமல் நீங்கள் சிரமப்படுவது தெரிகிறது.

நாளைக்கு எல்லாருடைய விரல் ரேகையையும் எடுக்க ஆள் வருகிறார் என்று கம்பெனி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். மூடியின் உட்புறத்தில் வளைவு வளைவாக அரித்த கோடுகள் இருந்தனவாமே. அதற்குப் பயந்து வந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நான் வருவதென்று முடிவு செய்தது எப்போதோ. முடிவு செய்ததற்கும் வந்ததற்கும் நடுவே சில வேலைகள் இருந்தன. கைலாஷ் உங்களிடம், இத்தனை மாதம் உள்ளே ஒரு ரேகை அழியாமல் இருந்ததே, மூடி கசியவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டானாம். அந்தத் தட்டிலிருந்து போன மற்ற பெட்டிகள் எல்லாம் இன்றைக்கும் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகின்றன என்றும் சொன்னானாம். இளைஞன், பெருமைப்பட்டுக்கொள்ளட்டும். எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பெட்டிகளை இன்னும் கொஞ்ச நாள் கவனிக்கச் சொல்லுங்கள். என்றைக்காவது இளகும். எத்தனை ஜாக்கிரதையாகச் செய்தாலும் ஈயம் ஈயம்தான்.

"ஒரு நிமிஷம் சார்," என்று பேனாவைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். "ஈயம்னு வெறுமனே சொன்னா நான் எப்படி எழுதறது? எந்த ஈயம்?"

நல்ல கேள்வி, வேலாயுதன் சார். இதை அன்றைக்கு என் கதவருகே நின்று சொரிமுத்து கேட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை, நான் என்ன செய்வது?